பழைய ரைடில் ஒரு பொம்மை மாறினால் ரசிகர்கள் ஏன் கொதிக்கிறார்கள்?

"டிஸ்னிலேண்ட் மாதிரி பூங்காக்களில் ஐம்பது அறுபது வருடமாக ஓடும் ரைடுகளில் ஒரு பொம்மையையோ விளக்கையோ மாற்றினால் போதும், ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். சில மாற்றங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். சிலவற்றைப் பத்து வருடம் கழித்தும் மன்னிப்பதில்லை. இதில் ஏதாவது கணக்கு உண்டா, இல்லை வெறும் பழம்பாசமா?" என்பது கேள்வி.

கணக்கு உண்டு. பழம்பாசம் ஒன்றுதான் காரணம் என்றால் எல்லா மாற்றத்தையும் ஒரே மாதிரி வெறுத்திருக்க வேண்டுமே. நடந்தது அப்படி இல்லை. ஒரே பேய், ஒரே நிறுவனம். கலிபோர்னியாவில் வைத்தபோது ஆனந்தம், ஃப்ளோரிடாவில் வைத்தபோது முணுமுணுப்பு. அந்தப் பேயிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இந்த விஷயத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி அதற்குள் இருக்கிறது.

கலிபோர்னியாவின் அனஹைம் டிஸ்னிலேண்டில் ஹான்டட் மேன்ஷன் என்ற பேய்வீட்டு ரைடு திறந்தது 1969 ஆகஸ்ட் 9. அதன் பரண் காட்சியில் ஹேட்பாக்ஸ் கோஸ்ட் என்று ஒரு கிழப்பேய் நின்றது. ஒரு கையில் கைத்தடி, மறு கையில் தொப்பிப் பெட்டி. அருகில் நிற்கும் மணமகளின் இதயம் துடிக்கும்போதெல்லாம் கிழவனின் தலை தோளிலிருந்து மறைந்து பெட்டிக்குள் தெரிய வேண்டும். தோளின் மேல் ஒரு தலை, பெட்டிக்குள் ஒரு தலை. எதன் மேல் விளக்கு விழுகிறதோ அது மட்டும் கண்ணுக்குத் தெரியும். இதுதான் திட்டம். ஆனால் பரணில் சுற்றிலும் வேறு வெளிச்சம் இருந்தது, வண்டியும் பொம்மைக்கு மிக அருகில் போனது. விளக்கை அணைத்த பிறகும் தோளின் மேல் தலை மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. திறந்த சிறிது காலத்திலேயே பேயை எடுத்துவிட்டார்கள். அதன்பின் நாற்பத்தைந்து வருடம் அது படங்களிலும் பேச்சிலும் மட்டும் வாழ்ந்தது.

2015 மே மாதம், பூங்காவின் 60ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்தை ஒட்டி, அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பரணின் கடைசியில், கல்லறைக் காட்சிக்கு இறங்குவதற்குச் சற்று முன்னால். இம்முறை தலை உண்மையிலேயே மறைந்தது. எதிர்ப்பு என்று சொல்லும்படி எதுவும் எழவில்லை. புதுத் தொழில்நுட்பம்தான், ஆனால் அது நிறைவேற்றியது 1969இல் வாக்களித்து முடியாமல் போன ஒரு வேலையை. வைத்த இடமும் பரண்தான். அதற்காக வேறு எந்தப் பொம்மையையும் வெளியே அனுப்பவும் இல்லை.

2023 நவம்பரில் அதே பேய், ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் உள்ள மேன்ஷனுக்கும் வந்தது. பொம்மையின் வேலைப்பாட்டைப் பலரும் பாராட்டினார்கள். குறை சொன்னது இடத்தைப் பற்றி. முடிவில்லாத நடைபாதைக் காட்சிக்கு அருகே, ரைடின் முன்பாதியிலேயே அதை நிறுத்தியிருந்தார்கள். இந்த ரைடை நன்றாக அறிந்தவர்களுக்கு அது ஏன் உறுத்தியது என்று புரிய, ரைடின் வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பாதியில் ஆவிகளை நாம் பார்ப்பதே இல்லை. கதவு மூச்சுவிடுவது போல் புடைக்கும், மெழுகுவர்த்தித் தண்டு அந்தரத்தில் மிதக்கும், சவப்பெட்டிக்குள்ளிருந்து கைகள் மட்டும் மூடியைத் தள்ளும். ஆவிகளுக்கு வெளிப்பட முடியாமல் சிரமம், பளிங்கு உருண்டைக்குள் தலை மட்டுமாகத் தெரியும் மந்திரக்காரி மேடம் லியோட்டாதான் தொடர்பு ஏற்படுத்தித் தர வேண்டும் என்று வழிகாட்டிக் குரலே சொல்லும். அவள் மந்திரம் சொல்லி அழைத்த பிறகுதான் விருந்து மண்டபத்தில் ஆவிகள் முதன்முதலாகக் கண்ணில் படும். அதற்கு முன்பே முழு உருவமாக ஒரு பேய் நின்று சிரித்தால் லியோட்டாவுக்கு அங்கே வேலை என்ன? இந்தக் கேள்வியை ரசிகர்கள் கேட்டது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். பல வருடமாக ஒரே ரைடைச் சுற்றிவருபவர்களுக்கு எது எதற்குப் பின்னால் வர வேண்டும் என்பது பாட்டின் அடிகள் போல மனப்பாடம். நடுவில் ஒரு அடி இடம் மாறினால் உடனே தெரிந்துவிடும்.

ஆக ஒரு மாற்றத்தைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது "புதுசா பழசா" என்பது அன்று. எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில், எத்தனை நொடி, எதை எடுத்துவிட்டு? ரசிகர்களின் கோபத்தையோ மகிழ்ச்சியையோ இந்த நான்கில் ஒன்றில் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

வெளிச்சம்தான் அதிகம் சண்டை கிளப்புவது, அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. ப்ரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. "கறுப்பு" என்று அது காட்டுவது, முழுக்க அடைக்க முடியாத லென்ஸ் வழியாகக் கசியும் சாம்பல் வெளிச்சம். வெளிச்சமான அறையில் அது தெரியாது. மேன்ஷன் மாதிரி இருட்டில் முகத்தைச் சுற்றி மங்கலான ஒரு கட்டம் தெரியும், அல்லது முகம் மட்டும் உடம்பிலிருந்து பிரிந்து ஒளிரும். "டிவி பார்க்கிற மாதிரி இருக்கு" என்று ரசிகர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சரிசெய்ய வழிகள் உண்டு: படத்தின் விளிம்பைப் பொம்மையின் விளிம்புக்கு உள்ளேயே நிறுத்துவது, ப்ரொஜெக்டரின் ஒளியை வடிகட்டியால் குறைப்பது, கழுத்துக்கும் கைக்கும் அதே நிறத்தில் சிறிது வெளிச்சம் கொடுத்து முகத்தோடு சேர்ப்பது. கடைசியில் சொன்னதை விட்டுவிட்டால் மற்ற இரண்டும் செய்தும் பயன் குறைவு.

பரணில் இருந்த மணமகள் கதை இதற்கு நேரடி உதாரணம். ஆரம்பத்தில் அவள் முகமே தெரியாத கறுத்த உருவம். கண் இரண்டும் ஒளிரும், இதயம் சிவப்பாகத் துடிக்கும். 2006இல் கலிபோர்னியாவிலும் 2007இல் ஃப்ளோரிடாவிலும் அவளுக்குப் பதில் கான்ஸ்டன்ஸ் வந்தாள்: கையில் கோடரி, ப்ரொஜெக்டர் தரும் முகம், தான் கொன்ற கணவர்களைப் பற்றி இரட்டை அர்த்த வசனம். சுற்றியிருந்த கல்யாணப் படங்களில் மாப்பிள்ளைகளின் தலை மறையும். படங்கள் நுட்பமான வேலை, அதைப் பிடிக்காதவர் குறைவு. ஆனால் மணமகளைப் பற்றிய புகார் ஓயவே இல்லை. ஒன்று, அவள் முகம் அந்தப் பரணில் இருந்த எதையும்விடப் பளிச்சென்று இருந்தது. இன்னொன்று, பழைய மணமகள் யார், ஏன் அங்கே நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது, பார்ப்பவர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். புதியவள் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அதோடு, பரணில் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து கத்திக்கொண்டு எழும்பும் தலைகளையும் எடுத்துவிட்டார்கள். ஒரு பொம்மை மாறியதாக அறிவிப்பு; உண்மையில் அறை முழுவதும் பயம் காட்டிய விதமே மாறியது. 2025 தொடக்கத்தில் கலிபோர்னியாவில் கோடரிக்காரியை எடுத்துவிட்டு வேறொரு மணமகளை வைத்தபோது பழைய ரசிகர்களில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டதற்கு இந்தப் பத்தொன்பது வருட மனத்தாங்கல்தான் காரணம்.

இதே வீட்டில் ப்ரொஜெக்டரைப் பற்றி யாரும் புகார் சொல்லாத இடமும் உண்டு. மேடம் லியோட்டாவின் தலையும், கல்லறையில் பாடும் ஐந்து மார்பளவுச் சிலைகளும் 1969 முதலே ப்ரொஜெக்டரால் ஆனவை. நடித்தவர்களின் முகத்தை 16 மி.மீ. பிலிமில் எடுத்து, முகம் போலவே செதுக்கிய வடிவத்தின் மேல் பாய்ச்சினார்கள். பிலிம் தேயும், கீறல் விழும். ப்ரொஜெக்டர் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் மூக்கு கன்னத்தில் விழும். பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறியபோது இந்தத் தொல்லைகள் குறைந்தன, முகம் அதே முகமாக இருந்தது. இப்படிப்பட்ட மாற்றங்களைச் சாதாரணமாக வந்துபோகிறவர் கவனிப்பதே இல்லை. கவனித்தவர்கள் பாராட்டுவார்கள்.

பிறகு லியோட்டாவின் பளிங்கு உருண்டையை மேசையிலிருந்து எழுப்பி மிதக்கவிட்டார்கள். வரவேற்பு நன்றாகவே இருந்தது. ஆனால் இதன் பராமரிப்பு கடினம் என்பதைச் சொல்லியாக வேண்டும்: உருண்டை ஆடும், முகமும் கூடவே ஆட வேண்டும், தாங்கும் கம்பியின் மேல் எங்கிருந்தும் வெளிச்சம் படக்கூடாது. யாராவது ஒருவர் செல்போன் டார்ச்சைப் போட்டால் முடிந்தது.

விளக்கு மாற்றங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவை அறிவிப்பே இல்லாமல் நடக்கும். குண்டு பல்பை மங்கவைத்தால் அதன் நிறமும் செம்மஞ்சளை நோக்கிப் போகும். எல்.ஈ.டி. மங்கினாலும் நிறம் அப்படியே நிற்கும். எனவே பழைய டிம்மர் அளவுகளை வைத்துக்கொண்டு பல்பை மட்டும் மாற்றினால், அந்திநேரம் போல இருந்த காட்சி ஆஸ்பத்திரி வராந்தா போலாகிவிடும். ப்ளாக்லைட்டிலும், அதாவது சில பெயின்ட்டுகளை ஒளிரவைக்கும் புறஊதா விளக்கிலும், இதே சிக்கல். குழல்விளக்கை எடுத்துவிட்டு 395 நானோமீட்டர் சுற்றுவட்டார எல்.ஈ.டி. வைத்தால், ஒளிர வேண்டிய பெயின்ட்டைத் தாண்டிச் சுவர், தூசு, பயணிகளின் சட்டை எல்லாவற்றின் மேலும் ஊதா நிறம் படரும். 365 சுற்றுவட்டாரத்தில் வைத்தால் அது வெகுவாகக் குறையும், ஆனால் விலை கூடுதல். ஒளிரும் பெயின்ட் புறஊதா ஒளியிலேயே வெளுத்துப்போகும் பொருள். ஆகையால் விளக்கு மாற்றும்போதே பெயின்ட்டையும் புதுப்பிக்காவிட்டால் ஒரு பாதி பளிச்சென்றும் மறுபாதி செத்துப்போயும் தெரியும். "என்னமோ மாறியிருக்கு, ஆனா என்னன்னு தெரியலை" என்று ஒரு ரசிகர் சொன்னால் முதலில் விளக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது நொடிக்கணக்கு. மேன்ஷனில் வண்டிகள் சங்கிலி போல நிற்காமல் நகர்கின்றன, ஒவ்வொரு பொம்மையும் நம் கண்ணில் சில நொடிகளே இருக்கும். ஒரு புதிய பொம்மை 30 நொடிக்கு ஒருமுறை 4 நொடி நீளும் ஒரு வித்தை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியிலிருந்து அது 10 நொடி தெரிகிறது. முழு வித்தையையும் பார்க்க வேண்டுமானால் அது முதல் 6 நொடிக்குள் தொடங்கியாக வேண்டும். முப்பதில் ஆறு, அதாவது ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் அந்தப் பாக்கியம். பாதிக்கும் மேற்பட்டவர்கள் எதையுமே பார்க்கமாட்டார்கள். பார்த்தவர் "அற்புதம்" என்பார், பாராதவர் "சும்மா நிக்குது, வேலை செய்யலை" என்பார். இருவரும் சொல்வது உண்மை. ஒரே மாற்றத்துக்கு நேரெதிர் கருத்துகள் வரும்போது ரசனை வேறுபாடு என்று ஒதுக்கிவிடாமல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வித்தையின் சுற்றைச் சுருக்கினாலோ வண்டி வரும்போது தொடங்கும்படி வைத்தாலோ சச்சரவில் பாதி தீர்ந்துவிடும்.

பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன் ரைடில் பிரச்சினை வேறு வகை. 1967 மார்ச்சில், வால்ட் டிஸ்னி இறந்த மூன்று மாதத்தில் திறந்த ரைடு இது. காட்சிகளில் பலவும் டிஸ்னி ஓவியர் மார்க் டேவிஸின் கைவண்ணம். 1997இல் கலிபோர்னியாவில், பெண்களைத் துரத்தும் கொள்ளையர்களை உணவைத் துரத்துபவர்களாக மாற்றினார்கள். பெண்கள் கையில் தட்டு வந்தது. அடியில் சுழலும் தட்டு, பொம்மைகளின் ஓட்டம் எல்லாம் பழையபடியே. 2006இல், இதே பெயரில் வந்த திரைப்படங்களின் நாயகன் ஜாக் ஸ்பேரோவை மூன்று இடங்களில் நுழைத்து, கப்பல் தலைவனுக்குப் பதில் அதே படங்களின் பார்போசாவை வைத்தார்கள். ஜானி டெப் முகம் கொண்ட அந்தப் பொம்மைகளின் நுணுக்கத்தை எதிர்ப்பாளர்களும் ஒத்துக்கொண்டார்கள். அவர்களுடைய வருத்தம் வேறு: முன்பு ஒரு கும்பல் ஒரு ஊரைச் சூறையாடியது, படகு அதன் நடுவே போனது, நாயகன் என்று எவனும் இல்லை. இப்போது எல்லோரும் ஒரு ஆளைத் தேடுகிறார்கள். மூன்று பொம்மையும் சில வசனங்களும் சேர்ந்து ரைடின் பொருளையே திருப்பிவிட்டன. அளவில் சிறியது விளைவில் பெரியதாவது இப்படித்தான்.

2018இல் பெண்களை ஏலம் விடும் காட்சியை எடுத்தார்கள். ஏலத்தில் நின்ற செந்நிறக் கூந்தல்காரியே ரெட் என்ற பெயரில் கொள்ளைக்காரியானாள்; ஏலம் போனது ரம்மும் கோழிகளும். எதிர்ப்பு பலமாக எழுந்தது. என் பார்வையில் இது அவசியமான மாற்றம், செய்த விதமும் நல்லது. ரசிகர்களுக்குப் பிரியமான அந்தப் பெண்ணை வெளியே அனுப்பாமல் அதே மேடையில் மேலே ஏற்றியிருக்கிறார்கள். எதிர்த்தவர்களின் வாதத்தில் ஒன்று மட்டும் யோசிக்கத்தக்கது: கொள்ளையர்களிடமிருந்து கொடுமையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே போனால், பிறகு ஊர் எரிவதற்கு என்ன அர்த்தம்? அதற்கு எளிய பதில் இல்லை. ஆனாலும் குடும்பத்தோடு வரும் படகில் பெண்களை விற்பதை வேடிக்கையாக்குவதற்கு அது காரணமாகாது.

இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் பற்றிச் சுருக்கமாக: பல நாட்டுக் குழந்தைப் பொம்மைகள் பாடும் படகு ரைடு இது. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகப் பிறந்தது, வடிவம் டிஸ்னி ஓவியர் மேரி ப்ளேருடையது. டிஸ்னி பாத்திரங்களைப் பொம்மைகளாகச் சேர்க்கப் போகிறார்கள் என்ற செய்தி 2008இல் வந்தபோது எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 2009 பிப்ரவரியில் திறந்தபோது சேர்த்த பொம்மைகள் ப்ளேரின் பாணியிலேயே, மற்றக் குழந்தைகளோடு குழந்தையாக நின்றன. பொம்மைகள் மீதான கோபம் வெகுவாகத் தணிந்தது. புதிதாகச் சேர்த்த அமெரிக்கக் காட்சியை ஏற்காதவர்கள் இன்றும் உண்டு. 2022இல் சக்கர நாற்காலியில் இரண்டு பொம்மைகள் வந்தபோது பெருமளவு அன்பான வரவேற்பே.

உடம்புக்குத் தெரியும் மாற்றங்களில் ரசிகர்கள் கொஞ்சமும் தயங்குவதில்லை. டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன் 1959இல் வந்தது, குழாய் எஃகுத் தண்டவாளத்தில் ஓடிய முதல் ரோலர் கோஸ்டர். 2012இல் அதன் வண்டிகளை மாற்றினார்கள்: முன்பு ஒருவர் மடிக்கு முன்னால் இன்னொருவர் உட்காரும் நீள இருக்கை, இப்போது ஆளுக்கொரு தனி இருக்கை, வண்டிக்கு மூன்று பேர். பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் தண்டவாளம் பழசு. முன்பு இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து வாங்கிக்கொண்ட அதிர்ச்சி, இப்போது தனித்தனி இருக்கையின் கடினமான ஓரத்தில் இடுப்பிலும் முட்டியிலும் இறங்கியது. உயரமானவர்களுக்குக் கால் வைக்க இடமில்லை. மெத்தையைத் தடிமனாக்கினால் உட்காரும் உயரம் ஏறும், பிடிமானத்தின் அளவும் மாறும். ஆக அது எளிய மருந்து இல்லை. வண்டியை மாற்றித் தண்டவாளத்தை விட்டால் இதுதான் நடக்கும்.

அதற்கு மாறாக, அதே பூங்காவின் இன்னொரு கோஸ்டரான பிக் தண்டர் மவுண்டனில் 2014இல் தண்டவாளத்தையே அதே வளைவுகளோடு புதிதாகப் போட்டார்கள். குலுக்கல் போனது, பாதை மாறவில்லை. கடைசி ஏற்றத்தில் திரி எரிந்து வெடிமருந்து வெடிப்பது போன்ற புதிய காட்சியையும் வைத்தார்கள். அது இருந்த இடத்தில் முன்பு நிலநடுக்கம் போல் பாறைகள் ஆடும் ஒரு குகை. கதைக்கும் இடத்துக்கும் பொருந்தியது. இரண்டுக்கும் நல்ல பெயர்.

மரக் கோஸ்டர்களில் சண்டை இன்னும் நுட்பம். ஒஹையோ மாநிலத்தின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 1979 முதல் ஓடும் தி பீஸ்ட்டில் 2022 பருவத்துக்காக ஏறக்குறைய 2,000 அடித் தண்டவாளத்தைப் புதுப்பித்தார்கள். முதல் இறக்கத்தின் சரிவு 45 பாகையிலிருந்து 53 ஆனது. மரக் கோஸ்டரில் கொஞ்சம் முரட்டுத்தனம் வேண்டும் என்பவர்களும், முதுகு தாங்கவில்லை என்பவர்களும் எப்போதும் இருப்பார்கள். இருவரையும் சமாதானப்படுத்துவது ஒரே விஷயம்தான்: பக்கவாட்டுக் குலுக்கலை எடுத்துவிட்டு, மேலே எழும்பும் உணர்வையும் வேகத்தையும் விட்டுவைப்பது. பக்கவாட்டு அடி தேய்மானத்தால் வருவது, அதை யாரும் வடிவமைக்கவில்லை. எழும்புவது வடிவமைத்தவர் தந்தது.

எந்த மாற்றத்தையும் திருப்ப முடியுமா என்பதும் ரசிகர்கள் உள்ளூர எடைபோடும் விஷயம். ஃப்ளோரிடாவில், இயந்திரப் பறவைகள் பாடும் டிக்கி ரூமில், 1998இல் டிஸ்னி படங்களின் பறவைகளான இயாகோவையும் ஸாஸுவையும் கொண்டுவந்து பழைய நிகழ்ச்சியைக் கிண்டலடிக்கும் புது நிகழ்ச்சி நடத்தினார்கள். பதின்மூன்று வருடம் அது வெறுக்கப்பட்டது. 2011 ஜனவரியில் அங்கே சிறு தீவிபத்து. இயாகோ பொம்மை சேதமானது. ஆகஸ்டில் திறந்தபோது பழைய நிகழ்ச்சியையே சற்றுச் சுருக்கித் திரும்பக் கொடுத்தார்கள். பழைய பறவைகளும் பாட்டும் தூக்கியெறியப்படாமல் இருந்ததால்தான் அது முடிந்தது. அதனால்தான் "மூலப் பொம்மை எங்கே போயிற்று" என்று ரசிகர்கள் விடாமல் கேட்கிறார்கள்.

நீங்களே ஒரு மாற்றத்தை மதிப்பிட விரும்பினால், வீடியோவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இருட்டில் செல்போன் கேமரா தானாகவே ஒளியுணர்வைக் கூட்டிக்கொள்ளும்; கண்ணுக்குத் தெரியாத கம்பி, சுவர், கூரை எல்லாம் அதில் தெரியும், ப்ரொஜெக்டர் முகம் வெந்துபோய் வெள்ளையாகும். திறந்த முதல் வாரம் வரும் கோபத்தில் பெரும்பகுதி இந்த வீடியோக்களைப் பார்த்து வருவதுதான். நேரில் போக முடிந்தால் இரண்டு முறையாவது ஏறுங்கள்: ஒருமுறை இடது ஓரம், ஒருமுறை வலது ஓரம், ஏனென்றால் ப்ரொஜெக்டர் முகங்கள் சில கோணங்களில்தான் சரியாகப் பொருந்தும். வெளியே வெயிலிலிருந்து நேரே உள்ளே போனால் கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் ஆகும், அதனால் ரைடின் தொடக்கத்தில் இருக்கும் மாற்றங்களை மாலை இருட்டிய பிறகு பார்ப்பது நல்லது. புதுப் பொம்மையின் பேச்சு அடுத்த காட்சிவரை கேட்கிறதா என்று காது கொடுங்கள். ஒலி வழிந்தால் அது பக்கத்துக் காட்சியையும் கெடுக்கும். ஆறு மாதம் கழித்து இன்னொருமுறை பாருங்கள். அப்போதும் தலை சரியான நொடியில் மறைகிறதா, முகம் மூக்கின் மேலேயே விழுகிறதா என்பதுதான் அந்தப் பூங்காவின் பராமரிப்பைப் பற்றி முதல் நாள் அறிவிப்பைவிட அதிகம் சொல்லும்.